பெற்றோருடன் தில்லியில் ஏழு நாள்: திட்டத்தைச் சரிபார்த்துத் தர வேண்டுகிறேன்

காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி மாத நடுவில் என் பெற்றோர், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் முதல்முறையாகத் தில்லிக்கு வர இருக்கிறேன். நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். அப்பாவுக்கு 74 வயது; நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 69 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் பத்துக்கு மேல் சிரமம். எங்கள் ஐவரில் யாருக்கும் இந்தி தெரியாது. மகள் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புறப்பட்டு ஞாயிறு காலை புதுதில்லி வந்து சேர்கிறோம். அடுத்த சனிக்கிழமை இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். இரண்டு பக்கமும் டிக்கெட் உறுதியாகிவிட்டது. நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: ஞாயிறு ஓய்வும், மாலையில் சாந்தினி சவுக்கில் கடைவீதியும். திங்கள் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், மாலையில் அக்ஷர்தாம். செவ்வாய் குதுப்மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை. புதன் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், இந்தியா கேட். வியாழன் ஆர்.கே.புரத்தில் உள்ள மலை மந்திர் முருகன் கோயில். வெள்ளி ஆக்ரா. சனி ஓய்வு, பெட்டி கட்டுதல்.

என் ஐயங்கள் மூன்று. இந்தத் திட்டம் அம்மாவின் முழங்காலுக்குத் தாங்குமா? தங்குவதற்கு ரயில் நிலையத்தை ஒட்டிய பஹார்கஞ்ச் நல்லதா, கரோல்பாக் நல்லதா? வண்டி ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்வதா, மெட்ரோவிலேயே சமாளிக்கலாமா? மலை மந்திரை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சுவாமிமலைக்கு வாரந்தோறும் போய்வந்துகொண்டிருந்தவர், அந்த அறுபது படிகளை ஏற முடியாமல் இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே கும்பிடுகிறார்.

யமுனாபுரத்தான் எழுதியது:

வணக்கம் ஐயா. இருபத்தேழு ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு வழிகாட்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கென்று மிஞ்சியதில்லை. தங்கள் திட்டத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். திங்களன்று தாங்கள் பார்க்க நினைத்திருக்கும் மூன்று இடங்களுக்குமே திங்கள்தான் விடுமுறை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம் மூன்றும் அன்று திறப்பதில்லை. வெள்ளியன்று ஆக்ராவுக்குப் போனால் தாஜ்மகாலின் வாசற்கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அன்று அங்குள்ள பள்ளிவாசலில் தொழுகைக்கு வருவோரைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு மாலை சாந்தினி சவுக் போனால் பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும். கன்னாட் பிளேஸிலும் ஞாயிறு பல கடைகள் இருக்காது. கரோல்பாக், சரோஜினி நகர் கடைவீதிகளுக்குத் திங்கள் விடுமுறை. இந்த ஊரில் கிழமை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது திசை. குதுப்மினார் ஊரின் தென்கோடி, செங்கோட்டை வடக்கு, அக்ஷர்தாம் யமுனைக்கு அக்கரையில் கிழக்கு. தங்கள் செவ்வாய்க்கிழமைத் திட்டத்தில் உள்ள மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியும். ஆனால் அன்றிரவு அம்மாவுக்குத் தைலம் தேய்க்க ஒருவர் வேண்டியிருக்கும். ஆகவே நான் இப்படி மாற்றுவேன்.

ஞாயிறு காலை ஆறரை, ஏழு மணிக்கு வந்து இறங்குவீர்கள். அறைக்குப் போய்க் குளித்துத் தூங்குங்கள். மாலையில் இந்தியா கேட்டும் அதை ஒட்டியுள்ள தேசியப் போர் நினைவிடமும் போதும். 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்த நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. வீரமரணம் அடைந்த படைவீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்த வட்டச் சுவர்களைச் சுற்றி மெதுவாக நடக்கலாம். ஞாயிறு என்பதால் கூட்டம் இருக்கும், விளக்கு வெளிச்சமும் இருக்கும்.

திங்கள் காலை குதுப்மினார். அது வாரம் முழுவதும் திறந்திருக்கும். 1981 டிசம்பரில் உள்ளே மின்விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு கோபுரத்தின் மேல் யாரையும் ஏற விடுவதில்லை. ஆகவே 379 படிகளைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். புல்வெளியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் போதும். மகளை இரும்புத் தூணுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள அந்தத் தூண் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை நேரில் பார்க்கட்டும். மதியம் அறைக்குத் திரும்பாமல், தென்தில்லியிலேயே சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, மாலை நடை திறந்ததும் மலை மந்திர். இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஒரு பயணம் மிச்சம்.

செவ்வாய் செங்கோட்டையும் சாந்தினி சவுக்கும். புதன் காலை ஹுமாயூன் கல்லறை, பிற்பகல் அக்ஷர்தாம். வியாழன் ஆக்ரா. வெள்ளி காலை அம்ருத் உத்யான். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்கு 2023 முதல் அதுதான் பெயர். பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திறக்கிறார்கள், திங்கள் விடுமுறை, கட்டணமில்லை. ஆனால் மாளிகையின் இணையதளத்தில் நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது, வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்று பிற்பகல் தீஸ் ஜன்வரி மார்க்கில் உள்ள காந்தி ஸ்மிருதிக்குக் கட்டாயம் போங்கள். 1948 ஜனவரி 30 மாலை அறையிலிருந்து பிரார்த்தனை மேடை வரை காந்தி நடந்த வழியைக் காலடித் தடங்களாகச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். அந்தத் தடங்கள் புல்வெளியில் ஓர் இடத்தில் நின்றுவிடும். நான் அழைத்துச் சென்றவர்களில் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தாதவர் யாரும் இல்லை. தாமரைக் கோயிலை இந்த முறை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வெளியே வரிசையிலும் உள்ளே நடையிலும் போகும் நேரத்துக்கு ஈடாக அங்கே அதிகம் இல்லை. பிறர் மறுக்கலாம்.

தங்குவதற்குக் கரோல்பாக். பஹார்கஞ்ச் ரயிலடிக்கு அருகில் என்பது உண்மைதான். ஆனால் சந்துகள் நெரிசலானவை, பல விடுதிகளில் மின்தூக்கி கிடையாது. எங்கே எடுத்தாலும் மின்தூக்கி உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். கரோல்பாக் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் உள்ளது. அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் ராஜீவ் சவுக், அங்கே மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் நேரே குதுப்மினார். செங்கோட்டைக்கு மண்டி ஹவுஸில் இறங்கி ஊதா வழித்தடத்துக்கு மாறி ‘லால் கிலா’ நிலையத்தில் இறங்க வேண்டும். அக்ஷர்தாமுக்கு நீலத்திலேயே மாறாமல் போகலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை: யமுனா பேங்க் நிலையத்தில் அந்த வழித்தடம் இரண்டாகப் பிரிகிறது. நொய்டா போகும் வண்டியில் ஏறினால்தான் அக்ஷர்தாம் வரும். வைஷாலி என்று எழுதியிருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள்.

ஜனக்புரி வாசகி எழுதியது:

யமுனாபுரத்தான் ஐயா சொன்ன நாள் வரிசையை அப்படியே ஏற்கலாம். மெட்ரோவையும் முழங்காலையும் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். என் மாமியாருக்கும் இதே தொல்லைதான்.

எல்லா மெட்ரோ நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் அது சாலையின் இந்தப் பக்கம் இருக்கிறதா, அந்தப் பக்கம் இருக்கிறதா என்பதைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். தவறான வாசலில் ஏறிவிட்டால் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. உள்ளே நுழையும்போது பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பெண்கள் வரிசை பெரும்பாலும் சிறியது. மற்றவர்கள் முன்னே போய்விட்டதாக நினைத்து நடந்துவிடாமல், ஐவரும் சேர்ந்த பிறகே நகருங்கள். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். நடைமேடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் குறியிட்டிருப்பார்கள். தாங்களும் தங்கள் அப்பாவும் தெரியாமல் அதில் ஏறினால் அபராதம் உண்டு. அம்மாவையும் மனைவியையும் மகளையும் அதில் ஏற்றிவிட்டு, தாங்கள் இருவரும் அடுத்த பெட்டியில் ஏறுவதே உத்தமம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே வழி திறந்தே இருப்பதால் பார்த்துக்கொள்ளலாம். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ராஜீவ் சவுக் பக்கமே போகாதீர்கள். ஆளாளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு பயணத்திலும் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும், வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

மெட்ரோவில் பயணம் செய்வது எளிது. நிலையத்திலிருந்து இடத்துக்குப் போவதுதான் சிரமம். குதுப்மினார் நிலையத்திலிருந்து குதுப்மினார் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஹுமாயூன் கல்லறைக்கும் அப்படித்தான், ஆட்டோ வேண்டும். எனவே நாள் முழுக்க வண்டியும் வேண்டாம், முழுக்க மெட்ரோவும் வேண்டாம். நீண்ட தூரத்துக்கு மெட்ரோ, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ. ஐந்து பேரை ஓர் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் இரண்டு ஆட்டோ என்று கணக்கு வையுங்கள். திங்கள், புதன் இரண்டு நாளும் அம்மாவுக்காக ஒரு பெரிய வண்டியை நாள் வாடகைக்கு எடுத்தாலும் தவறில்லை.

ஹுமாயூன் கல்லறையைப் பற்றி ஒரு சொல். கல்லறை நிற்கும் மேடைக்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முழங்கால் உயரம், வெளிச்சமும் குறைவு, பிடித்துக்கொள்ளத் தோதாக எதுவும் கிடையாது. என் மாமியார் மூன்றாவது படியில் நின்று, “இந்த ராஜா வீட்டில் வயசானவர்களே இல்லையா?” என்று கேட்டார். அம்மா கீழே தோட்டத்திலேயே இருக்கட்டும். கட்டடத்தின் முழு அழகும் அங்கிருந்துதான் தெரியும். ஜாமா மசூதிக்கும் படிகள் அதிகம். செங்கோட்டை சமதரைதான், ஆனால் லாகூர் வாசலிலிருந்து உள்ளே அரசரின் தனி அவை மண்டபமான திவான்-ஏ-காஸ் வரை நடை நீளம்.

அக்ஷர்தாமில் கைப்பேசி, கேமரா, பை எதையும் அனுமதிப்பதில்லை. பொருள் காப்பகத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதன் பிறகு ஒருவரையொருவர் அழைக்க வழியில்லை. பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். நாங்கள் பேசி வைக்காமல் போய், ஒரு மணி நேரம் மாமனாரைத் தேடினோம். அவர் வாசலருகே நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

தஞ்சைத்தம்பி எழுதியது:

பெரியவர்கள் இடங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் ரயிலடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஏமாந்தேன்.

2012-இல் நான் முதல்முறை புதுதில்லி நிலையத்தில் நின்றபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, என் ஆக்ரா டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டி இன்று ரத்து” என்று மிக வருத்தத்தோடு சொன்னார். அரசாங்கச் சுற்றுலா அலுவலகத்தில் மாற்றித் தருவார்கள் என்று ஓர் ஆட்டோவிலும் ஏற்றிவிட்டார். போன இடம் ஒரு மாடியில் இருந்த தனியார் கடை. பெயர்ப்பலகையில் அசோகச் சக்கரம் போல ஏதோ வரைந்திருந்தார்கள். கார், விடுதி எல்லாம் சேர்த்து ஒரு பெருந்தொகை சொன்னார்கள். நான் எழுந்து வெளியே வருவதற்குள் அரை நாளும் உண்மையான ரயிலும் போய்விட்டன. வண்டி ரத்தா என்பதை 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் கேட்டால் தெரிந்துவிடும். தானாக வந்து உதவுகிற எவரிடமும் டிக்கெட்டையோ கைப்பேசியையோ கொடுக்காதீர்கள். ஏதேனும் ஆபத்து என்றால் 112.

இன்னொன்று, அந்த நிலையத்துக்கு இரண்டு பக்கம். முதல் நடைமேடை இருப்பது பஹார்கஞ்ச் பக்கம், பதினாறாவது இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டிகளோடு தவறான பக்கம் இறங்கிவிட்டால் மேம்பாலம் ஏறி முழு நிலையத்தையும் கடக்க வேண்டும். தங்கள் அம்மாவால் அது முடியாது. ஆகவே வெளியே காத்திருக்கும் வாடகை வண்டிக்காரரிடம் எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆக்ராவுக்குக் கதிமான் எக்ஸ்பிரஸில் போனால் அது புறப்படுவது ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து, காலை எட்டு மணியளவில். நூறு நிமிடத்தில் ஆக்ரா, மாலை அதே வண்டியில் திரும்பலாம். வெள்ளிக்கிழமை அந்த வண்டியே ஓடாது என்பதையும் கவனியுங்கள். காலை ஆறு மணி சதாப்தி மட்டும் புதுதில்லியிலிருந்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு வேறு நிலையத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும். தங்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸே ஆக்ராவில் நின்றுதான் வருகிறது. அங்கேயே இறங்கிவிடலாமே என்று தோன்றினால் வேண்டாம், அது விடியலுக்கு முன் இருட்டில் போகிறது.

தாஜ்மகாலில் நமக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்ட தங்கள் மகளுக்குக் கட்டணமில்லை. சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும், தின்பண்டங்களை உள்ளே விட மாட்டார்கள். புகை கக்கும் வண்டிகளை வாசலுக்கு வெகு முன்பே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து மின்கலவண்டி உண்டு.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். கரோல்பாக்கிலும் ஜன்பத்திலும் இட்லி, தோசை, அளவுச் சாப்பாடு கிடைக்கும். இந்தியா கேட்டுக்கு அருகே அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகம் பொதுமக்களுக்கும் உண்டு. பருப்புப் பொடியும் கோங்குராவும் போட்டு, சோறு போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவார்கள். மதியம் ஒன்றரை மணிக்குப் போனால் வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடத் தோன்றும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். இந்தி தெரியாதது பெரிய குறை இல்லை. ஆட்டோக்காரரை “பையா” என்று அழையுங்கள், நம் ஊர் ‘அண்ணே’ போலத்தான். வாடகை வண்டிச் செயலியில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசினால் ஏமாற வாய்ப்பில்லை.

காவிரிக்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. திங்கள், வெள்ளி இரண்டையும் நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை. ஆக்ராவுக்கு வியாழக்கிழமை கதிமானில் முன்பதிவு செய்துவிட்டேன், கரோல்பாக்கில் மின்தூக்கியுள்ள விடுதியும் கிடைத்துவிட்டது. இரண்டு ஐயங்கள் பாக்கி. பிப்ரவரி நடுவில் குளிர் எவ்வளவு இருக்கும்? அப்பாவுக்கு ஆஸ்துமா இல்லை, ஆனாலும் புகைமூட்டம் என்று செய்தியில் பார்த்துப் பயப்படுகிறார். அடுத்தது, மலை மந்திரில் படிகள் உண்டா? அம்மாவிடம் இன்னும் நான் இதைச் சொல்லவில்லை.

யமுனாபுரத்தான் எழுதியது:

குளிரைப் பற்றி முதலில். தில்லியின் கடுங்குளிரும் மூடுபனியும் டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி வரைதான். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவதும் அப்போதுதான். பிப்ரவரி நடுவில் பகல் வெயில் இதமாக இருக்கும், அதிகாலையிலும் இரவிலும் மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு நடுங்கும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லாய், காலுறை ஆகியவை போதும். ஊரிலேயே வாங்காதீர்கள், இங்கே மலிவு. காற்று மாசு அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை மிக மோசம். அண்டை மாநிலங்களில் வைக்கோல் தாளை எரிப்பதும், காற்று அசையாமல் நிற்பதும் சேர்ந்துகொள்ளும். தாங்கள் வரும் நேரத்தில் அது குறைந்திருக்கும், முழுக்க ஓய்ந்திருக்காது. அப்பாவுக்கு இரண்டு முகக்கவசம் எடுத்து வாருங்கள். காலை நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலை மந்திருக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது: படிகள் உண்டு. உத்தர சுவாமிமலை என்றுதான் அதற்குப் பெயர், அதாவது வடக்கில் ஒரு சுவாமிமலை. 1973-இல் குடமுழுக்கு நடந்தது. தங்கள் அம்மா அங்கே கும்பிட்ட அதே சுவாமிநாதர்தான் இங்கேயும் சிறு குன்றின் மேல் இருக்கிறார், ஆகவே அவரைப் பார்க்க ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் குன்றின் அடியிலேயே கற்பக விநாயகர், சுந்தரேசுவரர், மீனாட்சி சந்நிதிகள் உண்டு. அங்கே தரிசனம் முடித்துவிட்டு, முடிந்தால் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறலாம். அவசரப்படுத்துவார் யாரும் இல்லை. திங்கள் மாலை என்பதால் கூட்டமும் இருக்காது; செவ்வாய்க்கிழமைகளிலும் கிருத்திகை, சஷ்டி நாட்களிலும்தான் நெரிசல், தாங்கள் வரும் திங்களன்று அவை எதுவும் வருகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் வந்தால் வசந்த் விஹார் நிலையம் அருகில்.

ஏற முடியாமல் போனாலும், கீழே நின்று அண்ணாந்தால் ‘யாமிருக்க பயமேன்’ என்று பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதியிருப்பது தெரியும். என் தாயார் கடைசியாக வந்தபோது அதற்குக் கீழேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரைப் போலவே தங்கள் அம்மாவுக்கும் ஒரு மடக்கு நாற்காலி வேண்டுமென்றால் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறது, திங்கள் மாலை நானே கொண்டுவந்து தருகிறேன்.